வினாத்தாளிலிருந்து தொடங்குவோம்



ஒரு பள்ளி ஆசிரியரின் நினைவைப் போற்றும் இந்த மேடையில், பள்ளிக் கலைத்திட்டத்தின் அடித்தளங்களைப் பற்றிப் பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி. மெய்யியல், உளவியல், சமூகவியல் என மூன்று அடித்தளங்களை நம் கல்வியியல் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறோம். எப்படிப்பட்ட மனிதரை வளர்த்தெடுக்க விரும்புகிறோம் என்பது முதலாவது. குழந்தை எப்படிக் கற்கிறது என்பது இரண்டாவது. யாருடைய பிள்ளைகளுக்காக, எத்தகைய சமூகத்துக்காக என்பது மூன்றாவது. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்த பாடத்திட்டங்களை ஒன்றாக்க 2010இல் இயற்றிய சட்டம், மூன்றாவது கேள்விக்குத் தமிழ்நாடு அளித்த விடை.

இம்மூன்றையும் தாங்கி நிற்கவோ கவிழ்த்துவிடவோ வல்லது ஒன்று உண்டு. அது தேர்வு. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

டைலரின் நான்கு கேள்விகள்

சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ரால்ஃப் டைலர் 1949இல் வெளியிட்ட சிறு நூல், உலகெங்கும் கலைத்திட்ட வகுப்புகளுக்கு அடிப்படையானது. அதில் அவர் நான்கு கேள்விகளை வைத்தார். பள்ளி எட்ட வேண்டிய நோக்கங்கள் எவை? அவற்றை எட்ட எத்தகைய கற்றல் அனுபவங்கள் வேண்டும்? அவ்வனுபவங்களை எப்படி ஒழுங்கமைப்பது? நோக்கங்கள் நிறைவேறினவா என்று எப்படி அறிவது? மதிப்பீட்டைப் பற்றிய கேள்வி வரிசையில் கடைசியாக நிற்பதால், வேலையிலும் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம்.

அந்தக் கேள்விகள் பிறந்த களத்தைப் பார்த்தால் கதை வேறு. அமெரிக்காவில் 1930களில் முப்பது உயர்நிலைப் பள்ளிகள் ஒரு பெரும் சோதனையில் இறங்கின. ‘எட்டாண்டு ஆய்வு’ என்று அதற்குப் பெயர். கல்லூரிகளின் நுழைவு நிபந்தனைகளே பள்ளிப் பாடத்தைக் கட்டிப்போட்டிருந்தன. எனவே அந்தப் பள்ளிகளின் மாணவர்களை வழக்கமான நிபந்தனைகள் இல்லாமலேயே சேர்த்துக்கொள்ள ஏறத்தாழ முந்நூறு கல்லூரிகளிடம் முதலில் இசைவு பெற்றார்கள். அதன் பிறகுதான் பள்ளிகள் தங்கள் பாடங்களை மாற்றின. மதிப்பீட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டைலர். அம்மாணவர்களையும் வழக்கமான பள்ளிகளில் பயின்றவர்களையும் 1,475 இணைகளாக வைத்துக் கல்லூரியில் ஒப்பிட்டார்கள். சோதனைப் பள்ளி மாணவர்கள் எந்த வகையிலும் பின்தங்கவில்லை. சிலவற்றில் ஒருபடி மேலாகவே நின்றார்கள். தேர்வின் பிடி தளர்ந்த பிறகே பாடம் மாற முடிந்தது என்பதை இந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹோஷங்காபாத்தில் ஒரு வகுப்பறை

நம் நாட்டிலேயே இதற்கு உயர்ந்த சான்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்ற இரு அமைப்புகள் 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பின்னர் அதை முன்னெடுத்தது.

‘பால் வைஞானிக்’ என்ற அவர்களுடைய பயிற்சி நூலில் விடைகள் அச்சாகவில்லை. வேரையும் இலையையும் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் வெளியே போய்ச் செடிகளை வேரோடு பிடுங்கி வருவார்கள். ஒவ்வொன்றிலும் ஆணிவேரா சல்லிவேரா என்று பார்ப்பார்கள். அதே செடியின் இலையில் நரம்புகள் வலைபோல் ஓடுகின்றனவா, இணைகோடுகளாகச் செல்கின்றனவா என்று பார்ப்பார்கள். பார்த்ததை அட்டவணையில் குறிப்பார்கள். அட்டவணை நிரம்ப நிரம்ப, வலை நரம்புள்ள செடிக்கு ஆணிவேரும், இணை நரம்புள்ள செடிக்குச் சல்லிவேரும் இருப்பது அவர்கள் கண்ணுக்கே புலப்படும். நம் வகுப்புகளில் இரண்டு வரிகளாக ஒப்பிக்கப்படும் அந்த உண்மை, அங்கே அவர்களே கண்ட உண்மையாயிற்று.

இத்தகைய பாடத்துக்கு வழக்கமான வினாத்தாள் வைத்தால் என்ன ஆகும்? அடுத்த ஆண்டே ஆசிரியர் அந்த இரண்டு வரிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஹோஷங்காபாத்காரர்கள் இதை உணர்ந்து தேர்வையும் மாற்றினார்கள். எட்டாம் வகுப்பு அறிவியல் தேர்வுக்குப் பிள்ளைகள் புத்தகத்தையும் தம் குறிப்பேட்டையும் கொண்டுசெல்லலாம். எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகத்தில் விடை இல்லாதபோது புத்தகத்தைத் திறப்பதில் என்ன தவறு? 2002இல் மாநில அரசு நிறுத்தும் வரை முப்பது ஆண்டுகள் அத்திட்டம் நடந்தது. நோக்கமும் பாடமும் வினாத்தாளும் ஒரே திசையில் நின்றது அதன் பெரும் வலிமை.

நம் அனுபவம்

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். பிளஸ் ஒன் வகுப்புக்குப் பாடத்திட்டமும் பாடநூலும் எப்போதும் இருந்தன. ஆனால் பொதுத்தேர்வு பிளஸ் டூவில் மட்டுமே இருந்ததால், பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டன. தேர்வு இல்லாத காரணத்தால் ஒரு முழு ஆண்டின் கலைத்திட்டமே காணாமல் போனது. இதைத் தடுக்கவே 2017–18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2018–19 முதல் பாடநூல்களும் புதிதாயின. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. மன அழுத்தம் குறையும் என்பது உண்மை, வரவேற்கிறேன். ஆனால் பழைய நோய் திரும்பாமல் காக்கும் பொறுப்பு இப்போது நம் எல்லோருக்கும் கூடியிருக்கிறது.

நல்ல பாடநூல் எழுதினால் போதாது என்பதை ஆசிரியர்களாகிய நீங்கள் அறிவீர்கள். அழகாக எழுதப்பட்ட பாடத்தின் நடுப்பகுதியைத் தாண்டிப் பிள்ளை நேராகப் ‘புக் பேக்’ வினாக்களுக்குப் போகிறது. ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்கிறது. பிள்ளை சோம்பேறியாக இருப்பதால் இப்படி நடப்பதில்லை. எது கணக்கில் வரும் என்பதை அது சரியாகவே புரிந்துவைத்திருக்கிறது.

ஒரு மறுப்பை மதித்துப் பேச வேண்டும். பொதுத்தேர்வு ஏழைப் பிள்ளையின் ஏணி. இன்ன பாடம், இன்ன வினா என்று தெளிவாக இருப்பதால்தான் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளை கிராமத்திலிருந்து கல்லூரிக்கு ஏற முடிந்தது. வினாக்களைத் திறந்துவிட்டால், தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர்களே வெல்வார்கள் என்கிறார்கள். இந்த அச்சம் நியாயமானது. ஆகவேதான் தேர்வை எடுத்துவிடச் சொல்லாமல், பாடத்தோடு சேர்த்தே வடிவமைக்கச் சொல்கிறேன். வகுப்பில் செய்து பார்த்ததையும், படித்துப் புரிந்ததையும் கேட்கும் வினாவுக்கு அந்த வகுப்பறையே பயிற்சிக்கூடம். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளை எவருக்கும் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, கலைத்திட்டக் குழு ஒரு பாடத்துக்கான நோக்கத்தை எழுதும் அன்றே, அந்த நோக்கத்தைச் சோதிக்கும் மாதிரி வினாக்களையும் எழுத வேண்டும். அப்படி ஒரு வினா எழுத வரவில்லையென்றால், நோக்கம் இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள். இரண்டாவதாக, பாடநூல் எழுதுவோரும் வினாத்தாள் தயாரிப்போரும் ஒரே மேசையில் அமர வேண்டும். மூன்றாவதாக, நூல் அச்சுக்குப் போகுமுன் சில பள்ளிகளில் பாடத்தையும் வினாக்களையும் சேர்த்தே நடத்திப் பார்க்க வேண்டும். நான்காவதாக, பல விதமாக எழுதப்படும் விடைகளை மதிப்பிட ஆசிரியர்களுக்குப் பயிற்சியும், அவர்கள் இடும் மதிப்பெண்ணுக்கு மதிப்பும் தர வேண்டும். இந்த நான்காவது இல்லாமல் மற்ற மூன்றும் நிலைக்கா.

மெய்யியலும் உளவியலும் சமூகவியலும் நமக்கு உயர்ந்த நோக்கங்களைத் தருகின்றன. அந்த நோக்கங்களை நாம் மெய்யாகவே நம்புகிறோமா என்பதை ஒரு பிள்ளை நம் முன்னுரைகளைப் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. நாம் கேட்கும் கேள்விகளை வைத்தே தெரிந்துகொள்கிறது. எனவே அடுத்த பாடத்திட்டக் குழு கூடும்போது, அதன் முதல் நாள் நிகழ்ச்சி நிரலில் வினாத்தாள் இடம்பெற வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து வேண்டுகிறேன்.