குளிரைச் சுமந்து செல்லும் கப்பல்கள்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, சரக்குச் சீட்டுகளோடு வாழ்ந்து வருபவன் நான். இலக்கியம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆகவே, நம் காலனிக்கு அருகே நவசேவாத் துறைமுகத்தில் நாள்தோறும் நடைபெறும் ஒரு தொழிலைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். பழமும் மீனும் இறைச்சியும் கெடாமல் கடல் கடந்து செல்லும் விந்தையே அது.

அழுகுவதைத் தடுக்க நம் முன்னோர் உப்பையும் வெயிலையும் நம்பினர். கருவாடும் வற்றலும் ஊறுகாயும் அவ்வாறு பிறந்தவையே. ஆனால் அவற்றில் பொருள் நிலைத்ததேயன்றி, அதன் பசுமை நிலைக்கவில்லை. பசுமையையும் காக்க வல்லது குளிர் ஒன்றே.

அக்குளிரை முதலில் மனிதன் பனிக்கட்டியாகவே கப்பலில் ஏற்றினான். 1833ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டது. நான்கு மாதம் கடலில் கழித்துக் கல்கத்தா வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் கரையாமல் எஞ்சியிருந்தது. அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் கட்டப்பட்டதுதான் ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கிய அந்த மாளிகை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பனிக்கட்டி கரைந்த பின்னும் கட்டிடம் நிற்பதை நம்மில் பலர் கண்டிருப்போம்.

பனிக்கட்டியைச் சுமப்பதை விட்டு, கப்பலிலேயே குளிரை உண்டாக்க முடியாதா என்று பின்னர் அறிஞர்கள் முயன்றனர். அம்முயற்சிகளில் என் உள்ளத்தைக் கவர்ந்தது 'டுனிடின்' என்னும் பாய்க்கப்பலின் வரலாறு.

அந்நாளில் நியூசிலாந்தில் ஆடுகள் மிகுதி, உண்போர் குறைவு. கம்பளியை எடுத்துக்கொண்டு, ஆட்டைக் காய்ச்சிக் கொழுப்பாக்கி விற்றனர். இங்கிலாந்திலோ இறைச்சிக்குத் தட்டுப்பாடு. இடையிலே மூன்று மாதக் கடல். அக்கப்பலில் நீராவியால் இயங்கும் ஒரு குளிர்ப் பொறியை அமைத்தார்கள். காற்றை அழுத்தி, அதன் சூட்டைத் தணித்து, பின்பு விரியவிட்டால் அது கடுங்குளிர் அடையும். இதுவே அப்பொறியின் தத்துவம். சரக்கு ஏற்றும்போதே பொறியின் தண்டு முறிந்தது. அதுவரை உறைய வைத்த இறைச்சியை உள்ளூரிலேயே விற்றுவிட நேர்ந்தது. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. பழுது நீக்கி மீண்டும் ஏற்றி, 1882 பிப்ரவரி 15ஆம் நாள் புறப்பட்டனர். ஏறக்குறைய ஐயாயிரம் ஆடுகளின் இறைச்சி உள்ளே இருந்தது.

பூமத்திய ரேகையை ஒட்டிய வெப்பக் கடலில் சோதனை வந்தது. குளிர்ந்த காற்று சரக்கறை முழுவதும் பரவவில்லை. கப்பல் தலைவர் தாமே காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்து சென்று புதிய துளைகளை அறுத்தார். அக்குளிரில் உடல் விறைத்து அசைவற்றுப் போனார். அவரது துணை அதிகாரி பின்னே ஊர்ந்து சென்று, அவர் கால்களில் கயிற்றைக் கட்டி வெளியே இழுத்தார். அத்தலைவர் உயிர் பிழைத்தார், சரக்கும் பிழைத்தது. 98 நாட்களுக்குப் பின் லண்டனில் இறக்கியபோது, அத்தனையிலும் ஓர் ஆட்டின் இறைச்சியே கெட்டுப் போயிருந்தது!

அன்று ஒரு கப்பலின் வயிற்றில் இருந்த அறை, இன்று தனித்தனி இரும்புப் பெட்டியாகிவிட்டது. இதைத் துறைமுகத்தார் 'ரீபர்' என்பர். என் அக்காள் மகன் அங்கே ரீபர் யார்டில் மின்பணியாளன். ஒரு நாள் என்னை அழைத்துச் சென்று காட்டினான். வரிசை வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்கம்பி. கீழே தரையில் உள்ள பள்ளங்களின் வழியே குளிர்க்காற்று புகுந்து, சரக்கின் ஊடே மேலேறி, மறுபடி பொறிக்குத் திரும்புகிறது. உட்சுவரில் ஒரு சிவப்புக்கோடு உண்டு. அதற்கு மேல் ஒரு பெட்டி அடுக்கினாலும் காற்றின் பாதை அடைபட்டுவிடும்.

"மாமா, இது குளிர வைக்கும் பெட்டி அல்ல, குளிரைக் காக்கும் பெட்டி. சூடாக ஏற்றினால் இதனால் ஒன்றும் செய்ய முடியாது" என்றான் அவன். தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். கொதிக்கும் குழம்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பக்கத்திலுள்ள பாலும் அல்லவா கெடுகிறது!

எல்லாப் பொருளுக்கும் ஒரே குளிர் என்பதும் இல்லை. உறைந்த இறாலுக்குப் பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரி வேண்டும். நாசிக் திராட்சைக்குப் பூஜ்யத்தை ஒட்டிய குளிர் போதும். வாழைக்காய்க்கோ சுமார் 13 டிகிரி. அதற்கும் கீழே போனால் தோல் கருத்துவிடும். பறித்த பின்னும் பழம் மூச்சு விடுகிறது. மூச்சு விடுவது வெப்பமும் தருகிறது. குளிர் அந்த மூச்சை மெதுவாக்குகிறதேயன்றி நிறுத்துவதில்லை. ஆகவே பயணம் நீண்டால் பழத்தின் ஆயுள் குறையும். 2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றன. அடுத்து வந்த பருவத்தில் ஐரோப்பாவுக்குப் போன திராட்சை பத்து நாளுக்கும் மேலாகக் கூடுதலாகக் கடலில் கிடந்தது. எங்கோ நடந்த சண்டை, நாசிக் உழவனின் கணக்கில் செலவாக விழுந்தது.

அன்று யார்டில் என்னைத் திடுக்கிட வைத்த செய்தி வேறொன்று. "பொறி பழுதானால் மணி அடிக்கும், மாமா. தாளில் -18 என்று எழுத வேண்டிய இடத்தில் 18 என்று எழுதிவிட்டால் எந்த மணியும் அடிக்காது. பெட்டி சொன்னபடி கேட்டு, இறாலை உருக்கிவிடும்" என்றான். ஒரு சிறு கோடு! பேனா பிடித்த ஒருவனின் ஒரு கணக் கவனக்குறைவு!

அன்பர்களே! இதைக் கேட்டு நான் ஏன் தலைகுனிந்தேன் என்பதைச் சபையில் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில், கிழக்குக் கரையில் ஒரு நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் இருந்தேன். மே மாதம். ஒரு சிறு வியாபாரி ஐஸ் இட்ட பதினொரு பெட்டி மீன் கொண்டுவந்தார். அவசரத்தில் நான் வண்டி எண்ணை மாற்றி எழுதிவிட்டேன். பெட்டிகள் ஒரு ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்தன. எனக்கு வந்தது ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவருக்குப் போனது கைமுதல். அவர் என்னைத் திட்டவில்லை. "மீனைக் கடல் மறுபடியும் தரும், பாபு. என் சொல்லை நம்பிய கடைக்காரரை யார் தருவார்?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு இன்றளவும் என்னிடம் விடை இல்லை.

இத்தொழிலைக் 'குளிர்ச் சங்கிலி' என்கிறார்கள். பறிப்பவர், தரம் பிரிப்பவர், லாரி ஓட்டுநர், மின்பணியாளர், குமாஸ்தா, மாலுமி ஆகிய ஒவ்வொருவரும் அதில் ஒரு கண்ணி. ஒரு கண்ணி விட்டுப்போனால், அடுத்தவர் எவ்வளவு திறமையாக உழைத்தாலும் கெட்டது கெட்டதே. இழந்த பசுமையை எந்தப் பொறியும் திருப்பித் தராது. ரீபர் பெட்டி தன் வெப்பநிலையைத் தானே பதிவு செய்துகொண்டே செல்கிறது. தவறு எங்கு நேர்ந்தது என்று பிறகு காட்டிவிடும். நம் கைகளுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. மனச்சாட்சி ஒன்றே உண்டு.

நம் காலனியில் யார்டிலும் கிடங்கிலும் கணக்கு மேசையிலும் பணிபுரிவோர் பலர். நாளை நம் பிள்ளைகளும் செல்வர். "இது சின்ன வேலைதானே" என்று அவர்கள் எண்ணும்போது, குழாய்க்குள் ஊர்ந்து சென்ற அந்தக் கப்பல் தலைவரை நினைவூட்டுங்கள். அவர் மறந்துவிட்டால், தவறாக எழுதிய இந்தக் குமாஸ்தாவையாவது நினைவூட்டுங்கள்.