ஒளு இருக்கிறது, கை சுத்தமாக இருக்கிறதா?



நோயுற்றவரைச் சென்று நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதை நாம் அறிவோம். ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்ற செய்தி ஊரில் பரவினால், மாலைக்குள் அவருடைய கட்டிலைச் சுற்றி உறவினர்கள் நிறைந்துவிடுகின்றனர். ஸலாம் கூறிக் கை கொடுக்கிறோம். நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி துஆச் செய்கிறோம். அடுத்த கட்டிலில் அறிந்தவர் யாரேனும் இருந்தால் அவரிடமும் சென்று அதே கையைக் கொடுக்கிறோம். இன்றைய ஜும்ஆ உரை அந்தக் கையைப் பற்றியதாகும்.

ஒரு நோய்க்காக மருத்துவமனைக்குச் சென்றவர், அங்கேயே வேறொரு கிருமித் தொற்றுக்கு ஆளாவதுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, வசதி மிக்க நாடுகளில் உள்நோயாளிகள் 100 பேரில் 7 பேருக்கும், ஏனைய நாடுகளில் 100 பேரில் 15 பேருக்கும் இவ்வாறு தொற்று ஏற்படுகிறது. அவ்வாறு பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒருவர் மரணமடைகிறார். இந்தக் கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் செல்லும் முதன்மையான வழி, மனிதனின் கைகளே.

இதைக் கூறியவுடன், "நாங்கள் ஒரு நாளைக்கு ஐந்து வேளை ஒளுச் செய்யும் சமுதாயம் ஆயிற்றே!" என்று சிலர் பெருமிதத்துடன் பதிலளிக்கின்றனர். சகோதரர்களே, இங்கேதான் நாம் சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். ஒளு என்பது தொழுகைக்குரிய தூய்மை. அதற்கென்று சட்டங்கள் உண்டு. அதை முறிக்கும் காரியங்களும் உண்டு. நோயாளியின் புண்ணில் சுற்றிய துணியைத் தொட்டால் ஒளு முறியாது. ஆனால் கையில் கிருமி ஒட்டிக்கொள்ளும். அஸருக்குச் செய்த ஒளு மஃரிப் வரை நீடிக்கலாம். அஸருக்குக் கழுவிய கையின் சுத்தம் மஃரிப் வரை நீடிப்பதில்லை.

உறக்கத்திலிருந்து எழுபவர் பாத்திரத்தினுள் கையை விடுவதற்கு முன் அதை மூன்று முறை கழுவிக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இரவில் தம் கை எங்கே இருந்தது என்பதை அவர் அறியமாட்டார் என்ற காரணத்தையும் அவர்களே விளக்கினார்கள். கண்ணுக்கு அழுக்குத் தெரியாவிட்டாலும் ஐயத்துக்கு இடமிருந்தால் கழுவு என்பதே இதில் நமக்குள்ள படிப்பினை. இதைக் காட்டி, கிருமிகளை நாமே முதலில் கண்டறிந்தோம் என்று மேடையில் முழங்குவோரும் உள்ளனர். அந்த முழக்கத்தை விட, வார்டின் வாசலில் கை கழுவுவது மேலானது.

மார்க்க விஷயத்தில் ஒருவர் எதையேனும் கூறினால், "ஆதாரம் என்ன?" என்று கேட்க நாம் பழகியிருக்கிறோம். நோயாளியைப் பராமரிக்கும் செவிலியர்களுக்கும் இன்று அதே கேள்விதான் கற்பிக்கப்படுகிறது. "வழக்கமாக இப்படித்தான் செய்வோம்" என்பது ஆதாரமாகாது. செய்து பார்த்து, எண்ணிக் கணக்கிட்டு, பயன் நிரூபணமானதையே பின்பற்ற வேண்டும். கை கழுவுதல் அவ்வாறு நிரூபணமான ஒன்று. அந்த வரலாறு அறியத்தக்கது.

ஆஸ்திரியாவின் வியன்னா பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தனர். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தனர். 1846இல் மருத்துவர்களின் பிரிவில் 100 தாய்மார்களுக்கு 11 பேர் வீதம் இறந்தனர். மருத்துவச்சிகளின் பிரிவில் அது 3 பேருக்கும் குறைவு! படித்தவர்களின் பிரிவில் ஏன் இத்தனை மரணம் என்ற கேள்வி, இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவரை வாட்டியது. கூட்ட நெரிசலா? பிரசவிக்கும் நிலையில் உள்ள வேறுபாடா? ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஒதுக்கினார். 1847இல் அவருடைய நண்பரான மருத்துவர் கொலட்ச்கா, பிரேதப் பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமடைந்து இறந்தார். அவரது உடலில் பிரசவக் காய்ச்சலில் மாண்ட தாய்மார்களின் உடலில் கண்ட அதே அடையாளங்கள் தென்பட்டன. உண்மை விளங்கிற்று. மருத்துவர்கள் பிரேத அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்து கொண்டிருந்தனர். மருத்துவச்சிகளுக்கோ பிரேத அறையில் வேலை இல்லை.

அந்த ஆண்டு மே மாதம், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பின்னரே தாய்மார்களைத் தொட வேண்டும் என்று அவர் விதித்தார். ஏப்ரலில் 100க்கு 18ஆக இருந்த மரணம், ஜூனில் ஏறத்தாழ 2ஆகக் குறைந்தது. அப்போது கிருமிகளைப் பற்றிய அறிவு மருத்துவ உலகில் வேரூன்றவில்லை. அவர் கையில் இருந்தது இந்தக் கணக்கு மட்டுமே. எனினும் மூத்த மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. தம் கைகளே தாய்மார்களைக் கொன்றன என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். 1865இல் மனநோய் விடுதி ஒன்றில் அவர் இறந்தார்.

நம் காலத்துக்கு வருவோம். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற மருத்துவரின் குழு, கை தேய்க்கும் ஆல்கஹால் திரவத்தை ஒவ்வொரு கட்டிலருகிலும் வைத்து ஊழியர்களை ஊக்குவித்தது. 1994இல் கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் 48 சதவீதத்தில்தான் அது நடந்தது. 1997இல் 66 சதவீதமாக உயர்ந்தது. அதே காலத்தில் மருத்துவமனைத் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. முன்னேறியவர்கள் பெரும்பாலும் செவிலியர்களே. மருத்துவர்கள் அங்கும் பின்தங்கியே நின்றனர்!

செவிலியர் எப்போது கை சுத்தம் செய்ய வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஐந்து தருணங்களை வகுத்தது. நோயாளியைத் தொடுமுன், ஊசி, கட்டு போன்ற தூய்மை பேண வேண்டிய பணிக்கு முன், இரத்தம், சிறுநீர் முதலியவை பட நேர்ந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், மேசை போன்றவற்றைத் தொட்ட பின். திரவத்தால் தேய்க்க 20 முதல் 30 விநாடி. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ 40 முதல் 60 விநாடி. கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பே வேண்டும். கையுறை அணிவது இதற்கு ஈடாகாது.

இங்கே நம் சகோதரிகள் பலருக்கு ஓர் உறுத்தல் உண்டு. அது ஆல்கஹால் ஆயிற்றே, கையில் படலாமா, தொழுகை கூடுமா என்பதே அது. மது அருந்துவது ஹராம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் 2002 ஜனவரியில் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு சபை, கிருமிகளைக் கொல்வதற்காக ஆல்கஹாலை உடலின் வெளிப்புறத்தில் பயன்படுத்த அனுமதியளித்தது. சவூதி அரேபியாவின் மருத்துவமனைகளிலும் இது பயன்பாட்டில் உள்ளது. செவிலியராகப் பணிபுரியும் நம் பெண்மக்கள் தயக்கமின்றி இதைப் பயன்படுத்தலாம். சட்டைக் கையைப் பற்றிய சிக்கலுக்கும் வழி பிறந்துள்ளது. முழங்கைக்குக் கீழே துணி இருக்கக் கூடாது என்று விதித்த பிரிட்டனில், 2010இல் முஸ்லிம் ஊழியர்களுக்காக ஒருமுறை அணிந்து எறியும் சட்டைக்கை உறைக்கு இடமளிக்கப்பட்டது.

இனி நம் பங்கு. வார்டுக்குள் நுழையும் முன்பும் வெளியேறும்போதும் கை சுத்தம் செய்யுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் தொலைபேசியில் நலம் விசாரியுங்கள். துஆவுக்குத் தூரம் தடையல்ல. செவிலியர் உங்கள் தாயாரின் கட்டிலருகே நின்று கைகளைத் தேய்க்கும் அந்த அரை நிமிடத்தில், "சீக்கிரம் சிஸ்டர்" என்று அவசரப்படுத்தாதீர்கள். அவர் மறந்து கட்டை அவிழ்க்க முற்பட்டால், "சிஸ்டர், கை சுத்தம் செய்துகொள்ளுங்களேன்" என்று மென்மையாகக் கேளுங்கள். அது நோயாளியின் உரிமை. அதை அவமதிப்பாக எந்த நல்ல செவிலியரும் கருதமாட்டார். நலம் விசாரிக்க வரும் மாமாவிடமும் மச்சானிடமும் இதையே கேளுங்கள். அவரிடம் கேட்பதுதான் கடினம் என்பதை நான் அறிவேன்.