வறுமையும் வாய்மையும்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

அருகப் பெருமான் திருவடி போற்றி!

இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் பொய்யாமையும் கள்ளாமையும் அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்விரண்டும் ஒருசேர மீறப்படும் இடம் ஒன்று உண்டு. அஃது ஏழையின் கூலியைப் பதியும் ஏடு. உழைக்காதவர் பெயரை அதில் எழுதுவது பொய். அப்பெயரால் பணம் பெறுவது களவு. அதனால் உழைத்தவர் வயிறு காய்வது இம்சை.

இராஜஸ்தான மாநிலத்து எளிய மக்கள் இதனை அனுபவத்தால் உணர்ந்தனர். வறட்சி நிவாரணப் பணிகளில் உரிய கூலியைக் கேட்டபோது, "நீங்கள் முழு வேலை செய்யவில்லை என்று பதிவேடு கூறுகிறது" என விடை வந்தது. பதிவேட்டைக் காட்டுமாறு கேட்டால், அஃது அரசாங்க இரகசியம் என்றனர். சென்னையில் பிறந்தவரும் இந்திய ஆட்சிப் பணியைத் துறந்தவருமான அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலியோர் அம்மக்களோடு வாழ்ந்து, 1990இல் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர்.

1994 டிசம்பரில் கோட்கிரானா என்னும் ஊரில் அவ்வமைப்பின் முதல் மக்கள் விசாரணை மன்றம் கூடியது. படியெடுத்து வந்த பதிவேடுகள் எழுத்தறியாதார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. இத்தகைய மன்றங்களில் இறந்தோர் பெயரில் கூலி எழுதப்பட்டதும், முடியாத கட்டடம் முடிந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டதும் வெளிப்பட்டன. ஏட்டின் பொய்யை ஊராரின் நினைவு வென்றது.

1996இல் பியாவர் நகரில் 40 நாள் அறப்போர் நடைபெற்றது. ஆவணங்களின் ஒளிநகலைப் பெறும் உரிமையே அவர்கள் வேண்டியது. அன்று அவர்கள் நாடிய தொழில்நுட்பம் அவ்வளவே. அம்முயற்சி நாடெங்கும் பரவி, 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறக்கத் துணைபுரிந்தது. 2019இல் இராஜஸ்தான அரசு தொடங்கிய 'ஜன் சூசனா' இணையதளத்தில், விண்ணப்பம் எழுதாமலேயே ஊராட்சிவாரியாகத் திட்டக் கணக்குகளைக் காணலாம்.

எனினும் கருவி தானே அறம் ஆகாது. கல்லுடைத்தும் மண்சுமந்தும் தேய்ந்த விரல்ரேகையைக் கருவி ஏற்காததால், நியாயவிலைக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியோரும் இந்நாட்டில் உளர். ஏழையிடம் சான்று கேட்பதற்கு மட்டும் கருவியைப் பயன்படுத்தி, ஏழைக்குக் கணக்குக் காட்டுவதற்குப் பயன்படுத்தாவிடில் பழைய ஏட்டின் பொய்யே புதுவடிவில் தொடரும்.

உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் எனத் தானம் நால்வகைப்படும். அறியாமையை நீக்குவது சாத்திர தானத்தின் பயன். தனக்கு உரியது யாதென அறியாத ஒருவர்க்கு அதனை அறிவிப்பதும் அதனோடு ஒத்த நற்செயலே. தகவல் கோரும் மனுவிற்கு 30 நாளில் விடை தரப்பட வேண்டும். வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளோர்க்குக் கட்டணமும் இல்லை. கற்ற இளைஞர்கள், ஊரில் எழுதத் தெரியாத ஒருவர்க்கேனும் அம்மனுவை எழுதிக் கொடுத்து, வரும் விடையையும் படித்துக் காட்டுவார்களாக. அவ்வழி அவருக்குச் சேரும் கூலி, பிறர் இட்ட பிச்சையன்று. அவருடைய உழைப்பின் பயன்.

வாழ்க அறம்! வளர்க வாய்மை!