பாதி வேலை ஆகாது

நம் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று கணினி படித்துத் தரவுப் பொறியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குச் செல்கிறார்கள். அங்கே அடிக்கடி வரும் கேள்வி, "ஆசிட் என்றால் என்ன?" என்பது. ரப்பர்ப் பாலை உறையவைக்கும் ஆசிட்டை நாம் அறிவோம். இது வேறு. கணினிக் கணக்கேடு காக்கவேண்டிய நான்கு உறுதிகளின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து, 1983-ஆம் ஆண்டில் ஹார்டர், ராய்ட்டர் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர்கள் சூட்டிய பெயர்.

முதலாவது, முழுமை. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் பெற்றோர் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்தார்கள். அத்தகைய பணத்தைச் சம்பளத்தில் கழித்துவிட்டு, பங்கில் ஏற்றுமுன் மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? கழிவும் வரவும் இரண்டும் நடக்கவேண்டும். இல்லையேல் இரண்டுமே நடக்கக் கூடாது.

இரண்டாவது, ஒழுங்கு. இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று விதித்திருந்தால், அதை மீறும் பதிவை ஏடு ஏற்காது.

மூன்றாவது, தனிமை. கணக்கில் இருப்பது 200 வெள்ளி. கோத்தா திங்கியில் தாயும் ஜொகூர் பாருவில் மகனும் ஒரே நொடியில் தலைக்கு 150 வெள்ளி எடுக்க முயல்கிறார்கள். ஒருவர் கணக்கு முடியும்வரை மற்றவர் காத்திருக்கவேண்டும். இந்தக் கட்டுப்பாட்டில் பல படிகள் உண்டு. கடுமையான படி வேகத்தைக் குறைக்கும். தளர்ந்த படி பிழைக்கு இடந்தரும். தேர்வாளர் துருவிக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

நான்காவது, நிலைப்பு. "பதிவாயிற்று" என்று கணினி சொன்னபின், மறுகணமே மின்சாரம் போனாலும் பதிவு அழியக்கூடாது. அதனால்தான் அது சொல்லுமுன் மாற்றத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. ஆனால் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் நம் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியதே, அப்படி இயந்திரமே மூழ்கினால்? அதற்கு வேறோர் ஊரிலும் நகல் வைக்கவேண்டும்.

தம்பி தங்கைகளே, நான்கு பெயர்களை ஒப்பித்தால் போதாது. ஒவ்வோர் உறுதியும் இல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஓர் உதாரணத்தோடு சொல்லுங்கள். பெற்றோர்களே, தேர்வுக்கு முந்திய இரவு பிள்ளையை உட்காரவைத்து, இதைத் தமிழில் உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்கவைத்த பிள்ளை, தேர்வாளர் முன் தடுமாறாது.