ஊர்க் குளத்து மீனும் நிலக்கடலையும்
(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் குளத்துக் கட்லாவும் ரோகுவும் ஏலம் முடிந்ததும் லாரியேறி நகரம் சென்றுவிடுகின்றன. நிலக்கடலை மூட்டைகள் எண்ணெய் ஆலைக்குப் போகின்றன. விளைவித்தவர் வீட்டுக் குழந்தைக்கோ இரவில் சோறும் ரசமுமே மிஞ்சுகின்றன. நிலக்கடலையில் நூற்றுக்கு 25 பங்கு புரதம் உண்டு. மீனும் புரதம் நிறைந்ததே.

வயலிலிருந்து களைத்துவரும் தாய்மார்களுக்கு நேரமேது என்பீர்கள். அரை மணி நேரம் போதும். அரைக் கிலோ மீன் துண்டுகளில் உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு தடவி வைக்க வேண்டும். இரண்டு கைப்பிடி வறுத்த நிலக்கடலையைத் தோல் நீக்கிக் கரகரப்பாகப் பொடித்து, ஒரு கரண்டி அரிசிமாவு கலந்து, துண்டுகளின்மேல் அழுத்திப் பதிக்க வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, இளந்தீயில் இருபுறமும் வேகவிட வேண்டும். தீ மிகுந்தால் கடலை கருகும், மீன் வேகாது. குழந்தைகளுக்கு முள் நீக்கிக் கொடுங்கள்.

பூஞ்சணம் பிடித்த கடலையை ஒருபோதும் சேர்க்கலாகாது. கல்லீரலைக் கெடுக்கும் அந்நஞ்சு வறுத்தாலும் முற்றும் நீங்காது.

உறுப்பினர்களே! பஞ்சாயத்து ஏலம் விடும் குளங்களில், பிடிபடும் மீனில் ஒரு பகுதியை ஊரிலேயே விற்க வேண்டுமென ஒரு நிபந்தனை சேர்ப்பது பற்றி அடுத்த கூட்டத்திலேயே ஆலோசியுங்கள். விளைந்த பொருளின் முதற்பங்கு விளைவித்தவர் வீட்டு அடுப்பிற்கே உரியது.