மூடிய ஹெட்போனும் பாடுவோர் செவியும்



ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுபவர் ஒலிவாங்கியின் முன் நிற்கின்றார். அவர் செவிகளை ஹெட்போன் மூடியிருக்கின்றது. முன்னரே பதிவான பக்க இசையும், காலப்பிரமாணத்தை அறிவிக்கும் ‘டிக், டிக்’ என்னும் ஓசையும் அதன் வழியே அவருக்குக் கேட்கின்றன. ஒலிவாங்கிக்குச் செல்ல வேண்டுவதோ அவர் குரல் ஒன்றே. செவிக்குரிய அந்த ஓசை சிறிது வெளியே கசிந்தாலும் போதும். மூச்சு விடும் ஒலியைக்கூடத் தப்பவிடாத ஒலிவாங்கி அதனையும் வாங்கிக்கொள்ளும். பல்லவி முடிந்து பாடுபவர் மௌனமாயிருக்கும் இடத்தில் ‘டிக், டிக்’ என்று கேட்கும். அதன்பின் குரலையும் கசிவையும் பிரிப்பதற்கு அன்னப் பறவையைத்தான் தேட வேண்டும்.

இதற்காகவே பின்புறம் மூடிய ஹெட்போன்கள் ஒலிப்பதிவுக்கு வேண்டப்படுகின்றன. பின்புறம் திறந்த வகையும் உண்டு. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968ஆம் ஆண்டில் எச்.டி. 414 என்னும் கருவியால் அவ்வகையைப் பரவச் செய்தது. அதில் இசை விரிந்து, காற்றோட்டமாகக் கேட்கும். தனியறையில் அமர்ந்து, பதிவான பகுதிகளை ஒன்று கூட்டிச் சீர்செய்பவருக்கு அஃது ஏற்றதே. ஒலிவாங்கியின் அருகில் நிற்பவருக்கு ஆகாது.

ஆகவே, மூடிய ஹெட்போன் முதலில் ஒரு சுவர்; அதன் பின்னரே அஃது ஓர் இசைக்கருவி. உள்ளொலியை வெளியே விடாமலும் வெளியொலியை உள்ளே விடாமலும் எவ்வளவு காக்கின்றது என்பதே அதனிடம் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி. ஆனால் பலர் ஒப்பிடும் முறை இதற்கு மாறானது. அமைதியான அறையில் அமர்ந்து, விருப்பமான பாட்டு ஒன்றை இரண்டு கருவிகளிலும் மாற்றி மாற்றிக் கேட்டு, “இதுதான் நன்று” என்று முடிவு கூறிவிடுகின்றனர். அத்தகைய போட்டியில் பெரும்பாலும் வெல்வது உரத்து ஒலிக்கும் கருவியே. காரணம் நம் செவியின் இயல்பில் உள்ளது. ஒலி மெலிதாக இருக்கும்போது மந்தர ஒலிகளைச் செவி குறைவாகவே உணரும். ஒலி உரக்க உரக்க மந்தரம் நிறைந்து தோன்றும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சரும் மன்சனும் இதனை அளந்து 1933இல் வெளியிட்டனர். இரண்டையும் ஒரே உரப்பில் வைத்துக் கேளாத ஒப்பீடு ஒப்பீடே அன்று.

ஓர் எடுத்துக்காட்டு. பேயர்டைனமிக் நிறுவனத்தின் டி.டி. 770 புரோ என்னும் ஹெட்போன் 32, 80, 250 ஓம் என்று மின்தடையில் வேறுபட்ட வடிவங்களில் விற்கப்பட்டு வந்துள்ளது. திருகியை ஒரே இடத்தில் வைத்து 32 ஓம் கருவியையும் 250 ஓம் கருவியையும் மாற்றிக் கேட்டால், பின்னது சோர்ந்து ஒலிக்கும். அதற்கு மிகுந்த மின்னழுத்தம் வேண்டும் என்பதை அறியாதவர் கருவியைக் குறை கூறுவார்.

இனி, கூடங்களில் பலரும் கையாளும் மூன்று கருவிகளை அருகருகே வைத்து நோக்குவோம். முதலாவது, 1991ஆம் ஆண்டு முதல் புழங்கிவரும் சோனியின் எம்.டி.ஆர். 7506. எடை குறைவு, மடித்துப் பைக்குள் வைக்கலாம், கம்பி சுருள்சுருளாக நீளும். அதன் குணம், தார ஒலிகளைச் சற்று முன்னே நிறுத்துவது. தாள் புரளும் ஓசை, உதடு பிரியும் ஓசை, மின்சாரத்தின் மெல்லிய இரைச்சல் ஆகியவை பூதக்கண்ணாடியில் பார்த்தாற்போலத் தெரியும். பதிவாளருக்கு இது பெரும் உதவி. அதையே மூன்று மணி நேரம் அணிந்து பாடுபவருக்கு இது செவிக்களைப்பு. சுவர் என்ற அளவில் நடுத்தரமானது.

இரண்டாவது, முன் சொன்ன டி.டி. 770. வட்டமான பெரிய கிண்ணங்கள், வெல்வெட்டுப் போன்ற மெத்தைகள். இதைப்போல் காதுக்கு இதமானது மற்ற இரண்டிலும் இல்லை. மந்தரம் கொழித்து ஒலிக்கும். உச்சத்தில் ஒரு கூர்மையும் உண்டு. நடு ஒலிகள் சற்றே பின்வாங்கி நிற்கும். டிரம் வாசிப்பவர் இதனை விரும்புவதில் வியப்பில்லை. பாடுபவருக்கோ, அவர் குரலின் உயிர் பெரிதும் நடு ஒலிகளில் உள்ளது. ‘ஸ’கரம் வரும் இடங்கள் செவியைக் குத்தவும் கூடும்.

மூன்றாவது, சென்ஹைசரின் எச்.டி. 280 புரோ. இதனைக் கேட்டு மயங்கியவரை நான் கண்டதில்லை. தலையை இறுக்கிப் பிடிக்கும். இசை சற்று வறண்டே ஒலிக்கும். ஆனால் வெளியொலியை 32 டெசிபல் வரை குறைக்கும் என்று செய்தவர்கள் கூறுகின்றனர். எல்லா அதிர்வெண்களிலும் அவ்வளவு குறையாது. மந்தரத்தில் எந்தச் சுவரும் மெலிந்ததே. ஆயினும் மூன்றனுள் நல்ல சுவர் இதுவே. தாளக் கருவியின் அருகே நின்று பாட வேண்டியவருக்கு நான் தயங்காமல் இதையே கொடுப்பேன்.

ஏன் சுவரைப் பற்றி இத்தனை அழுத்திச் சொல்கின்றேன்? செவியின் நலமே அதில் அடங்கியிருக்கின்றது. டிரம் வாசிப்பவருக்குத் தம் கருவியின் ஒலியே 100 டெசிபல் அளவில் செவியை எட்டக்கூடும். ஹெட்போனின் சுவர் மெலிந்ததாயின், பக்க இசை கேட்பதற்கு அதனையும் விஞ்சும் உரப்பை அவர் வைத்தாக வேண்டும். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பதும், 3 டெசிபல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகும் என்பதும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. கணக்கிட்டுப் பாருங்கள்: 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். நல்ல சுவர் 15 டெசிபலைத் தடுத்தால் அந்த 15 நிமிடம் 8 மணி நேரமாக விரிகின்றது. உட்செவியின் மயிரணுக்கள் மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

சுவர் நன்றாக இருந்தாலும், அது தலையோடு பொருந்த வேண்டுமே. மூக்குக்கண்ணாடியின் காம்பு, அடர்ந்த கூந்தல், நம் பாடகியர் அணியும் ஜிமிக்கி ஆகிய இவற்றுள் ஒன்று மெத்தைக்கும் தோலுக்கும் இடையே சிறு வழி திறந்துவிட்டால், முதலில் ஓடிப்போவது மந்தர ஒலி. ஒரே ஹெட்போனை ஒருவர் கனமாக ஒலிக்கிறது என்றும் மற்றவர் மெலிந்து ஒலிக்கிறது என்றும் கூறினால், இருவர் சொல்வதும் மெய்யாக இருக்கலாம். விலையைப் பார்த்துத் தேர்வதும் உதவாது. 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவைகளை ஆராய்ந்து, விலைக்கும் அதிர்வெண்களை ஒலிக்கும் முறைக்கும் தொடர்பு காணவில்லை என்று எழுதினார்.

சுவரால் விளையும் தொல்லை ஒன்றும் உண்டு. இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு மெல்ல முனகிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள் கும்மென்று முழங்கும். எலும்பின் வழி செவிக்கு வரும் ஒலி வெளியேற வழியின்றி நிற்பதே காரணம். மூடிய ஹெட்போன் அணிந்து பாடுபவர் தம் குரலைப் பாதி எலும்பிலும் பாதி கம்பியிலும் கேட்கின்றார். இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணங்க வேண்டும். கம்பி வழி வரும் குரல் கணினியைச் சுற்றிவரச் சில மில்லிசெகண்டு தாமதித்தாலும் குரல் குழலுக்குள் பேசுவதுபோல் உள்ளீடற்று ஒலிக்கும். மின்முனைகள் தலைகீழாக இணைந்திருந்தால் ஒன்றை மற்றொன்று தின்றுவிடும். சுருதி பிசகும் பாடகரைக் கடிந்துகொள்ளுமுன், பதிவாளர் முனைகளை மாற்றி, “எது நிறைவாகக் கேட்கிறது?” என்று ஒருமுறை வினவுவது நல்லது.

இத்தொல்லை தாளாமல் பாடகர் பலர் ஒரு காதை விடுவித்துக்கொண்டு பாடுவர். அது பிழையன்று. ஆனால் விடுவித்த கிண்ணம் ஒலித்துக்கொண்டே இருந்தால், சுவரில் நாமே வாயில் வைத்தவர்கள் ஆவோம். அப்பக்கத்து ஒலியை நிறுத்திவிட வேண்டும். ஆஸ்திரியாவின் ஏ.கே.ஜி. நிறுவனம் கே 271 என்னும் கருவியில், தலையினின்று கழற்றியதும் ஒலி தானே நின்றுவிடும் அமைப்பை வைத்திருந்தது, போற்றத்தக்க எண்ணம். கசிவிலும் தரம் உண்டு. தம்புராவின் சுருதி சிறிது கசிந்தால் பெருங்குற்றமில்லை. பாட்டிலும் அதே சுருதி ஒலிக்கப் போகின்றது. ‘டிக், டிக்’ அப்படியன்று.

கசிவைச் சோதிக்க வழி எளிது. ஹெட்போனைப் பாடுபவரே அணியட்டும். ஒலிவாங்கி தன் இடத்தில் இருக்கட்டும். அவர் வேண்டும் உரப்பில் தாள ஓசையை ஓடவிட்டு, அவரை ஒரு நிமிடம் வாய் திறவாமல் நிற்கச் செய்து அந்த மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். அடுத்த கருவியையும் அவ்வாறே செய்து, இரு மௌனங்களையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். மெத்தைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். சோனியின் மெல்லிய உறை சில ஆண்டுப் புழக்கத்தில் பொடிந்து கறுப்புத் துகளாகக் காதோரம் ஒட்டும். அதற்குப் பதிலாக வேறொரு தடித்த மெத்தையை இட்டால், செவிக்கும் ஒலிக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள தொலைவு மாறும், ஒலியும் மாறும். பழைய மெத்தையோடு கூடிய ஒன்றையும் புதிய மெத்தையோடு கூடிய மற்றொன்றையும் வைத்துக்கொண்டு தீர்ப்பு வழங்குவது, தந்தி தளர்ந்த வீணையையும் தந்தி முறுக்கிய வீணையையும் ஒப்பிடுவது போன்றதாகும்.