பாட்டுக்கும் ஒரு செக்ரோல்

(மாஞ்சோலையில் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



மலைக்கு வரும் பஸ்ஸில் ஒரு வாலிபத் தோழர் நம்மைப் பிடித்துக்கொண்டார். "வீடு இருக்குமா போகுமான்னு நாங்க கெடக்கோம். நீங்க கிராமபோன் தட்டுக்கு லிஸ்ட் எடுக்கதப் பத்திப் பேச வந்திருக்கியளாமே தோழர்?" என்று கேட்டார். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் அது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து கம்பெனி இந்த மலையை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. 8,374 ஏக்கர். 2024-ல் தோட்ட வேலையை நிறுத்தியது. ஏக்கர் இத்தனை, வருஷம் இத்தனை என்று நமக்கு எப்படித் தெரிகிறது? எழுதி வைத்திருக்கிறார்கள். 1999 ஜூலை 23-ந் தேதி தாமிரபரணிக் கரையில் உயிர்விட்ட 17 பேரின் பெயர்களும் நமக்குத் தெரியும். அவற்றை நாம் எழுதி வைத்தோம். ஆனால் ஊத்திலும் நாலுமுக்கிலும் காக்காச்சியிலும் குதிரைவெட்டியிலும் லயன் வீடுகளில் இருந்த ஜனங்கள் நாலு தலைமுறையாக என்ன பாட்டுக் கேட்டார்கள், சங்கக் கூட்டம் தொடங்குமுன் என்ன பாட்டு ஒலித்தது, அதை எழுதியவன் யார், பாடியவன் யார்? இதை யார் எழுதி வைத்தார்கள்? ஒருவரும் இல்லை. இப்போது பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சாமான் கட்டும்போது எதை முதலில் தூக்கி எறிகிறோம்? ஓடாத டேப்ரிக்கார்டரை, கீறல் விழுந்த தட்டை, அட்டை கிழிந்த சினிமாப் பாட்டுப் புத்தகத்தை. அவசரம் என்று நாம் வந்ததற்குக் காரணம் இதுதான்.

இந்த வேலை நமக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் மைக்செட் வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, வயதாகிவிட்டதென்று கடையைக் காலி செய்தார். குழாயையும் ஆம்ப்ளிபயரையும் பழைய இரும்புக்குப் போட்டவர், இரண்டு தகரப் பெட்டி தட்டுகளை மட்டும் நம்மிடம் கொடுத்தார். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். அதில் அவர் தட்டுகளைப் பிரித்திருந்த விதத்தைக் கேளுங்கள்: கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எழவு வீடு. வருஷமும் இல்லை, கம்பெனியும் இல்லை. "எந்தத் தட்ட எங்க போடணும்னு தெரிஞ்சா போதாதா?" என்றார். அவர் தொழிலுக்கு அது போதும். நாம் அந்த வரிசையை அழித்துவிட்டு வருஷவாரியாக மாற்றி எழுதத்தான் முதலில் நினைத்தோம். பிறகு அப்படிச் செய்யவில்லை. எந்தப் பாட்டு எந்த வீட்டில் ஒலித்தது என்பது அந்த ஒரு நோட்டில் மட்டும்தானே இருக்கிறது! ஆகவே அவருடைய பிரிவுக்கு நம்முடைய பட்டியலில் ஒரு தனிக் கட்டம் போட்டுவிட்டோம்.

நாம் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் மறைக்க வேண்டியதில்லை. தட்டுகளில் பூஞ்சை பிடித்திருந்தது. ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பளபளவென்று ஆகும் என்று ஒருவர் சொன்னார், துடைத்தோம். பஞ்சு கறுத்தது, தட்டும் மழுங்கிப் போயிற்று. பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கினால் செய்தது, தோழர்களே! அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட். தச்சு வேலை செய்கிற எந்தத் தோழரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார், பாலீஷ் போடுவதே அப்படித்தான். கேட்கவில்லை. மூன்று தட்டுகள் போயின. ஈரத்துணி போதும், அதுவும் நடுவிலுள்ள காகிதத்தில் படாமல்.

அரக்கு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சோட்டா நாகபுரிக் காடுகளில் ஆதிவாசி ஜனங்கள் மரக்கிளையிலிருந்து சுரண்டி எடுத்த பூச்சியரக்குதான் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் தொழிற்சாலையில் தட்டாக உருண்டது. மூன்று நிமிஷப் பாட்டுக்குப் பின்னால் எத்தனை கைகள்! அவர்களில் ஒருவர் பெயரும் தட்டின் நடுக்காகிதத்தில் கிடையாது.

சரி, அந்தக் காகிதத்தில் என்னதான் இருக்கிறது? படத்தின் பெயர், பாடியவர் பெயர், சங்கீத டைரக்டர் பெயர், கம்பெனியின் எண். பல தட்டுகளில் பாட்டெழுதியவருக்கு இடமே இல்லை. இந்தியில் இதைவிட மோசம். 1949-ல் 'மஹல்' என்ற படம் வந்தது. அதில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு நாடெங்கும் ஒலித்தது. தட்டில் பாடியவர் பெயர் என்னவென்று போட்டார்கள் தெரியுமா? காமினி! அது படத்திலே வரும் கதாபாத்திரத்தின் பெயர். பாடியவர் ஒருத்தி, பேர் இன்னொருத்திக்கு. செக்ரோலில் உங்கள் பேருக்கு நேரே வேறொருத்தர் பேரைப் போட்டால் விடுவீர்களா? கங்காணியைச் சும்மா விடுவீர்களா?

பட்டியல் எடுப்பது என்றால் செக்ரோலைச் சரி பார்ப்பதுதான். இதைப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டுகளை வைத்துச் செய்து பார்த்தோம். அண்ணாச்சியின் 'கட்சிக் கூட்டம்' பிரிவில் பாதிக்குமேல் அவருடையது என்று எழுதியிருந்ததால் அங்கிருந்தே தொடங்கினோம்.

அவர் 1930-ல் பிறந்தவர். 'ஜனசக்தி'யில் கவிதை எழுதியவர். 1959 அக்டோபர் 8-ந் தேதி 29 வயதில் காலமானார். சினிமாவில் அவர் இருந்தது ஐந்தாறு வருஷம்தான். இவ்வளவு குறுகிய கணக்குக்குப் பட்டியல் எடுப்பது சுலபம் என்றுதான் நினைத்தோம். முதல் வரியிலேயே முட்டிக்கொண்டது. அவருடைய முதல் படம் எது? 'படித்த பெண்' என்கிறார்கள். அதற்குத்தான் முதலில் எழுதினார். ஆனால் அந்தப் படம் திரைக்கு வந்தது 1956-ல். அதற்கு முன்பே, 1955-ல், அவர் பாட்டுடன் 'மகேஸ்வரி' வந்துவிட்டது. எதை முதலில் போடுவது? நாற்று நட்டது ஒரு நாள், அறுத்தது ஒரு நாள். இரண்டையும் எழுது என்று முடிவு செய்தோம்: எழுதிய வருஷம் தெரிந்தால் ஒரு கட்டம், வெளிவந்த வருஷம் ஒரு கட்டம்.

இந்த இரண்டாவது கட்டம் இல்லாவிட்டால் கடைசியிலும் தப்பு வரும். 1959-ல் காலமானவர் ஆயிற்றே, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவருடையதல்ல என்று கோடு போட்டால் என்ன ஆகும்? 'இரும்புத்திரை' 1960 பொங்கலுக்கு வந்தது. 'அரசிளங்குமரி', 'திருடாதே' இரண்டும் 1961. அந்தப் படங்களில் அவர் பாட்டு இருக்கிறது. ஆள் போன பிறகும் உழைப்பு வந்துகொண்டிருந்தது. கோடு போட்டால் அவற்றையெல்லாம் பறிகொடுப்போம்.

கோடே போடாமல் விட்டாலும் ஆபத்துதான். ஏழை பாழைக்குப் பரிந்து பேசுகிற பாட்டு எதுவானாலும் 'இது பட்டுக்கோட்டை' என்று சொல்லிவிடுவது நம்முடைய பழக்கம். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். சவுக்கைச் சுழற்றிக்கொண்டு பாடுவாரே, அந்தப் பாட்டை நாம் தைரியமாக அவர் பட்டியலில் ஏற்றிவிட்டோம். மணிமுத்தாறு பக்கம் ஒரு வீட்டில் அதைப் படித்துக் காட்டியபோது, தேயிலை பறித்து ஓய்ந்த ஒரு ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்கள்: "ஏய்யா, அது வாலி எழுதுனதுல்லா. படம் வந்தப்ப பட்டுக்கோட்டை செத்து அஞ்சாறு வருசம் ஆச்சே." படம் 1965. எழுதியது வாலிதான். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாம் பத்தாவது பாஸ் செய்தவர்கள்! அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம்: எழுதியவர் பெயருக்கு ஒரு சாட்சி போதாது. தட்டு, பாட்டுப் புத்தகம், படத்தின் ஆரம்பத்தில் ஓடும் எழுத்து, அச்சான தொகுப்பு, இவற்றில் இரண்டாவது ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போகாவிட்டால் பென்சிலால் மட்டும் எழுதுவது.

பாட்டுப் புத்தகம் நல்ல சாட்சிதான். தியேட்டர் வாசலில் விற்பார்களே, பாதிக் கதையைச் சொல்லிவிட்டு மீதியை வெள்ளித்திரையில் பார்க்கச் சொல்லும் புத்தகம்! ஆனால் அதுவும் முழுச்சாட்சி அல்ல. 1958-ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டுக்கோட்டையார், சுரதா, முத்துக்கூத்தன், லட்சுமணதாஸ் என்று பல பேர் அதில் எழுதியிருக்கிறார்கள். இந்த மாதிரிப் படங்களுக்குப் பெயர்களையெல்லாம் ஒரே மூச்சில் அட்டையில் அடித்துவிட்டு, எது யாருடையது என்று சொல்லாமல் விட்ட புத்தகங்கள் உண்டு. அடுத்த வருஷம் வந்த 'கல்யாணப் பரிசு' அப்படியல்ல. பாட்டெல்லாம் அவர் ஒருவரே, சங்கீதம் ஏ.எம். ராஜா. அந்தப் பக்கத்தை எழுத நமக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அச்சான தொகுப்பு என்றோமே, அதைச் செய்தவரையும் சொல்ல வேண்டும். கவிஞர் மறைந்து ஆறு வருஷத்துக்குள், 1965-ல், பி.இ. பாலகிருஷ்ணன் தேடித் தொகுத்து, நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வெளியிட்டது. அன்றைக்கு அவர் அலைந்திருக்காவிட்டால் இன்றைக்கு நாம் ஆச்சியையும் அண்ணாச்சியையும் மட்டுமே நம்பியிருக்க வேண்டும். ஆனால் அது பாட்டுகளின் தொகுப்பு. தட்டுகளின் பட்டியல் வேறு. அவர் எழுதியதெல்லாம் தட்டாகவில்லை. படத்தில் நீளமாக ஓடிய பாட்டுக்குத் தட்டில் கை கால் குறைந்திருக்கும், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துச் சொச்சம்தானே இடம்! எந்தச் சரணம் தட்டில் இல்லை என்பதையும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இது மெதுவாகத்தான் நடக்கிறது.

பஸ்ஸில் கேட்ட அதே வாலிபர் இன்னொன்றும் கேட்டார். "வெளிநாட்டுல இப்படிச் செய்யுதாங்களா?" செய்கிறார்கள். 1976-ல் லண்டனில் 'கிளாஷ்' என்று ஒரு பாட்டுக் குழு கிளம்பிற்று. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். கித்தாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு காது கிழியப் பாடும் பாட்டு. பங்க் ராக் என்று அதற்குப் பெயர். (நமக்கு அந்தச் சத்தம் இன்னும் பழகவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறோம்.) அவர்களுடைய தட்டுகளுக்கு வரிசை எடுப்பவர்களும் நம்மைப் போலவே முதல் வரியிலேயே முட்டிக்கொள்கிறார்கள். முதல் தட்டு பிரிட்டனில் 1977-ல் வந்தது. அமெரிக்கக் கம்பெனி அதை அப்படியே வெளியிட மறுத்து, 1979-ல்தான் வெளியிட்டது. அதிலும் நாலு பாட்டைத் தூக்கிவிட்டு வேறு பாட்டுகளைச் சேர்த்தது. பெயர் ஒன்று, தட்டு இரண்டு!

எண்ணைப் பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் குழுவிடம் நல்ல பதில் இருக்கிறது. 1979-ல் நிகரகுவா ஜனங்கள் சொமோசாவின் சர்வாதிகாரத்தைத் தூக்கி எறிந்தார்கள். அடுத்த வருஷம் இந்தக் குழு மூன்று தட்டுகளை ஒரே உறையில் போட்டு, 'சாந்தினிஸ்டா!' என்று பெயர் வைத்தது. கம்பெனியின் பட்டியல் எண் என்ன தெரியுமா? எஃப்.எஸ்.எல்.என்.1. அது அந்த விடுதலை முன்னணியின் பெயரிலுள்ள முதலெழுத்துகள்! மூன்று தட்டையும் மலிவாக விற்க வேண்டும் என்பதற்காக முதல் 2,00,000 பிரதிகளுக்குத் தங்கள் பங்குத் தொகையையே விட்டுக்கொடுத்தார்கள். பாட்டெழுதியவர் என்ற இடத்திலும் தனித்தனிப் பெயர் போடாமல் குழுவின் பெயரையே போட்டார்கள். அது பெருந்தன்மைதான். ஆனால் எந்த வரி யாருடையது என்று தேடுகிறவன் பாடு திண்டாட்டம்! எண்ணை எழுதாத பட்டியலில் நிகரகுவா சங்கதியும் இருந்திருக்காது. ஆகவே எண்ணை விடாதீர்கள். நடுக்காகிதத்தில் அச்சடித்த எண் ஒன்று. காகிதத்தைச் சுற்றி அரக்கிலேயே பதிந்திருக்கும் எண் இன்னொன்று. முன்னது விற்பனைக்குக் கொடுத்தது, பின்னது ஒலிப்பதிவுக்குக் கொடுத்தது. காகிதம் கரையான் தின்று போனாலும் அரக்கிலுள்ள எண் இருக்கும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

இனி உங்களிடம் கேட்பதற்கு வருகிறோம். 78 சுற்றுத் தட்டு இங்கே அதிகம் இருக்காது, தெரியும். கேசட் இருக்கும். அம்பாசமுத்திரத்திலோ விக்கிரமசிங்கபுரத்திலோ ரிக்கார்டிங் சென்டரில் பாட்டு எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கினீர்களே, உள்ளே மடித்து வைத்த காகிதத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை எழுதிய வரிசை இருக்குமே, அதை எறிய வேண்டாம். சங்கக் கூட்டத்திலும் கலை இரவிலும் நம் தோழர்கள் பாடியதை டேப்பில் பிடித்திருந்தால் அது பொன். அதற்குத் தட்டும் இல்லை, எண்ணும் இல்லை, புத்தகமும் இல்லை. யார் பாடினார்கள், எந்த லயனில், எந்த வருஷம் என்று தெரிந்தவர் வாயிலிருந்து இன்றே எழுதிக்கொள்ள வேண்டும். வருஷம் தெரியாவிட்டால், 'பெரிய மழைக்கு முந்தி', 'மூத்தவள் கல்யாணத்துக்குப் பிந்தி' என்று சொல்லுங்கள், அதையே எழுதுகிறோம். டேப் சுற்றவில்லை என்றாலும் கொண்டு வாருங்கள். வாங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். பார்த்து எழுதிவிட்டு உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். நோட்டு இரண்டு பிரதி: ஒன்று கீழே சங்க ஆபீஸில், இன்னொன்று இந்த மலைக்காரர் கையில். யார் வைத்துக்கொள்வது என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். இறங்கிப் போகிறவர்கள் போகிற ஊரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், நாம் அங்கே வந்து எழுதிக்கொள்வோம்.

அந்த வாலிபத் தோழர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நோட்டுப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அவருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அவருடைய அம்மா சொல்கிறார்கள்.

அண்ணாச்சி தம்முடைய பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு மலை ஏறி வந்திருக்கிறார். ஊசி மாற்றிக்கொண்டிருக்கிறார், ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி, அதற்குமேல் ஓட்டினால் தட்டு தேயும். அவர் போடப் போவது 'இரும்புத்திரை'த் தட்டு. மில் தொழிலாளியின் படம் அது. அந்தப் படத்துக்குக் கொத்தமங்கலம் சுப்புவும் எழுதினார், பட்டுக்கோட்டையாரும் எழுதினார், சங்கீதம் எஸ்.வி. வெங்கட்ராமன். சம்பளம் வாங்கிய கை வீடு சேருமுன் வெறுங்கையாகிப் போன கதை இந்தப் பாட்டு. எழுதியவர் பட்டுக்கோட்டையார், பாடியவர் திருச்சி லோகநாதன், வெளிவந்தது 1960. நோட்டில் பேனாவாலேயே எழுதியிருக்கிறோம்.

போடுங்க அண்ணாச்சி.